ஞாயிற்றுக்கிழமை மருந்துவாழ்மலை

கொட்டாரத்து அலுவலகத்தின் சாப்பாட்டு மேசையில் மதிய வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மருந்துவாழ்மலை ஏறுவதற்கென்று தொடங்கிய வாட்ஸப் குழுவில், “லேசான வழிதான், புதுசா ஏறுகவங்களும் வரலாம்” என்று எழுதிவிட்டு, கூட வேலை பார்க்கும் பெனின் தனியாக அனுப்பிய குரல்பதிவைத் தொடுகிறாள் சிவப்ரியா. காதில் வைப்பதற்குள் அது உரக்கப் பேசிவிடுகிறது. “நீ சொன்னது சரிதான். குளோரியக்காவ விளிக்காண்டாம். அந்த உடம்ப வச்சுட்டு பாதியிலயே இருந்திருவாங்க.” எதிரே மீனில் முள்ளெடுத்துக்கொண்டிருந்த குளோரியின் விரல்கள் நிற்கின்றன. சிவப்ரியாவின் காதுமடல்கள் எரிகின்றன. முள்ளெடுத்த துண்டை எப்போதும்போல அவள் தட்டில் வைக்கிறாள் குளோரி. “ஞாயித்துக்கிழம எங்க கோயில்ல ஒரு கல்யாணம் உண்டு பிள்ளே. நீங்க போயிட்டு வாங்க.” இது தவக்காலம், ஈஸ்டர் முடியும்வரை அவர்கள் கோயிலில் கல்யாணம் வைப்பதில்லை என்பது சிவப்ரியாவுக்குத் தெரியும். “சரிக்கா” என்கிறாள்.