வலது காது நோட்டு

“திரும்பவே இல்லையே, நீ நிஜமாவே அமுக்கினியா?” என்று கேட்டான் கணவன்.

மனைவி மஞ்சள் வாத்துப் பொம்மையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னாள். “பின்னே? விரலே வலிக்குது. நாலு தடவை அமுக்கிட்டேன். உங்க பொண்ணு சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா.”

“அமுக்கினால் கத்தும்னு பெட்டி மேல போட்டிருக்கே?”

“போட்டிருக்கு. இவ திரும்பணுமே.”

ஒன்றரை வயது மகள், விரிப்பின் நடுவில் உட்கார்ந்து ஒரு துணி கிளிப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கணவன் நோட்டை எடுத்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டு. தேதி, நேரம், எழுப்பிய சத்தம், குழந்தை திரும்பியதா என்று பக்கத்துக்கு நான்கு கட்டங்கள். நான்காவது கட்டத்தில் ‘பதில் இல்லை’ என்று எழுதினான். மகளின் கேட்காத வலது காதில் மருந்து செலுத்தி இன்றோடு முப்பத்தோரு நாள். இது பதினேழாவது ‘பதில் இல்லை’.

“எனக்கு இன்னும் புரியலைங்க. மருந்துன்னு சொல்லிக் கிருமியைக் கொண்டுபோய்க் காதுக்குள்ள விட்டா காது கெட்டுத்தானே போகும்? எப்படிக் கேக்கும்?”

“டாக்டர் கொடுத்த தாளை நீ பாதியிலேயே மடிச்சு வெச்சுட்டே. அது நோய் பரப்பற கிருமி இல்லை. உள்ளே இருந்ததை வழிச்சு எடுத்துட்டு, நம்ம பொண்ணுக்குப் பழுதா இருக்கிற ஜீனோட நல்ல நகலை வெச்சிருக்காங்க. காதுக்குள்ள சத்தத்தை வாங்கி அனுப்பற செல் இருக்கே, அங்கே போய் இறக்கி வெச்சதும் அதோட வேலை முடிஞ்சுது.”

“அங்கேதான் போச்சுன்னு யார் கண்டா? வழி தெரியாம மூக்குப் பக்கம் போயிருந்தா?”

“போனாலும் அங்கே அந்த ஜீன் வேலை செய்யாதாம். இந்தச் செல்லுக்குள்ள மட்டும் திறக்கிற மாதிரி பூட்டிவெச்சு அனுப்பியிருக்காங்க.”

“ரெண்டு வகைக் கிருமின்னு எழுதியிருந்தாரே?”

“ஜீன் ரொம்ப நீளமாம். ஒண்ணுல அடங்கலை. பீரோவைக் கழட்டி ரெண்டு வண்டியில அனுப்பற மாதிரி, பாதி பாதியா. உள்ளே போய்ச் சேர்ந்துக்குமாம்.”

“ஒரு வண்டி நடுவழியில நின்னுபோச்சோ என்னவோ.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வந்து நோட்டைப் பார்ப்பாள். வலது காதில் பலன் தெரிந்தால்தான் இடது காதுக்குத் தேதி. தெரியாவிட்டால், வரிசையில் நிற்கும் அடுத்த குழந்தைக்கு அந்த இடம் போய்விடும். பத்து மணிக்கு வருவதாகத் தகவல். மணி பத்தே முக்கால். காலையிலிருந்து கரண்ட் வேறு இல்லை.

“நேத்து தட்டைப் போட்டப்போ டக்குனு திரும்பினாளே, அதை எழுதினீங்களா?”

“அது செல்லாது. தரை அதிர்ந்துச்சு, அதனால திரும்பியிருப்பா. அப்புறம் அதிராம இருக்கட்டும்னு மெத்தை மேல போட்டுப் பார்த்தேன். அசையலை. அதைத்தான் எழுதியிருக்கேன். இருக்கிறதைத்தானே எழுதணும்?”

“ஆமா, பெரிய நீதிபதி!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வீட்டில் யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டால் பேச்சு அதோடு சரி. கணவன் எழுந்து போய் அவள் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினான்.

“இன்னொரு தடவை. கடைசியா.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையின் முதுகுப்புறம் உட்கார்ந்து வாத்தை அமுக்கினாள். குழந்தை வாத்தைப் பார்க்கவில்லை. கிளிப்பைப் போட்டுவிட்டு எழுந்து, தத்தித் தத்தி வாசல் பக்கம் போனாள். மனைவி தூக்கி வந்து உட்கார வைத்தாள். குழந்தை மறுபடி எழுந்து போனாள். மூன்றாம் தடவையும் அப்படியே.

“என்னங்க இது? பொம்மையை விட்டுட்டு எதுக்கு அங்கேயே ஓடறா?”

“அதான் எனக்கும் புரியலை. கவனமே இல்லை.” அவன் எழுதினான்: ‘பதில் இல்லை. வாசல் பக்கம் போகிறாள்.’

குழந்தை மூடிய கதவைக் கையால் அடித்துவிட்டு, திரும்பி இருவரையும் பார்த்தாள்.

“மகாராணி ஊர்வலம் போகணுமாம். திறந்து விடுங்க. நர்ஸ் வர்றாளான்னும் பார்த்த மாதிரி இருக்கும்.”

அவன் கதவைத் திறந்தான். வெளியே, ஓங்கிய கையோடு ஒரு புது நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள்.

“என்னங்க நீங்க! பெல்லும் அடிக்கலை. பத்து நிமிஷமாத் தட்டிட்டு நிக்கறேன். கையே வீங்கிப்போச்சு!”

கணவனும் மனைவியும் அவள் வாயையே குழப்பத்தோடு பார்த்தார்கள்.

உள்ளே வந்தவள் நோட்டைப் புரட்டினாள். “மெத்தை மேல தட்டைப் போட்டா எப்படிங்க சத்தம் வரும்?” வாத்தை எடுத்து அமுக்கினாள். தலைகீழாகப் புரட்டி மூடியைத் திறந்தாள். “போச்சு! இதுல பேட்டரியே இல்லை. ரெண்டு பேர் வீட்டுல இருக்கீங்க, இதுகூடவா தெரியலை?”

கணவன் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான். ‘எங்கள் இருவருக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. தயவுசெய்து எழுதிக் காட்டுங்கள்.’

நர்ஸ் அட்டையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு மெல்ல அவன் கையிலிருந்த பேனாவை வாங்கி, நோட்டின் கடைசி வரிக்குக் கீழே எழுதினாள்:

‘அப்படியானால் நான் கதவைத் தட்டியது இந்த வீட்டில் யாருக்குக் கேட்டது?’