எட்டு மணி மாத்திரை

தண்ணீர் டம்ளர் கை நழுவித் தரையில் விழுந்து, சத்தத்தோடு அறை மூலைவரை உருண்டது.

தையற்காரர் எடுக்கக் குனிந்தார். விரல்களுக்குப் பிடி கிடைக்கவில்லை. நர்ஸ் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

கை நடுக்கத்துக்கான புது மருந்தை அந்த ஆஸ்பத்திரியில் நாற்பது பேருக்குக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பத்தொன்பதாவது ஆள். மூன்று மாதத்துக்கு முன் முதல்முறை வந்தபோது, டம்ளரை அவரே பிடித்துக் குடித்தார்.

“அட்டையைக் குடுங்க ஐயா.”

சட்டைப் பையிலிருந்து அந்த மாதத்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

அதன் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு திரை. கண்ணாடி கிடையாது, விளக்கு கிடையாது. மையால் அச்சடித்த திரை; அட்டையோடு சேர்ந்து வளையும். ஒரு மாத்திரையைப் பிதுக்கினால், அதன் அடியில் அச்சடித்திருக்கும் கோடு அறுந்து, நாளும் நேரமும் பதிவாகிவிடும்.

நர்ஸ் ஓரத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். முப்பது நாள், முப்பது மாத்திரை. எல்லாம் காலை எட்டு மணி. ஒரு நாள்கூட எட்டு ஐந்து ஆகவில்லை.

மற்றவர்கள் மறப்பார்கள். மறந்ததை மறைக்க மறுநாள் இரண்டைச் சேர்த்துப் பிதுக்குவார்கள். திரை காட்டிக்கொடுத்துவிடும். “பத்தொன்பதைப் பார்த்துக் கத்துக்குங்க” என்று டாக்டர் அவர்களைத் திட்டுவதுண்டு.

அவள் இன்னொரு தாளை எடுத்தாள். நேற்றைய ரத்தப் பரிசோதனை. மருந்தின் சுவடே இல்லை.

“பிதுக்கி எங்க போட்டீங்க? குப்பைத் தொட்டியிலயா?”

“நான் என்ன ஸ்கூல் புள்ளையாம்மா?”

“சிரிக்காதீங்க. டாக்டர் வந்தா பேரை அடிச்சிருவார். அப்புறம் இந்த மாத்திரையைக் கண்ணாலகூடப் பார்க்க முடியாது.”

சிரிப்பு நின்றது. இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டார். இப்போது தோள்கள் ஆடின.

“இன்னும் மூணு மாசத்துக்கு மட்டும் குடுக்கச் சொல்லும்மா.”

“எதுக்கு? முழுங்காம இருக்கவா?”

அவர் கதவைப் பார்த்தார். டாக்டர் இன்னும் வரவில்லை.

“மருந்து நல்ல மருந்தும்மா. சக்கரை இருக்குன்னு இந்தச் சோதனையில சேர்க்காம நீங்க திருப்பி அனுப்பின என் வீட்டுக்காரி, நேத்து அவளே ஊசியில நூல் கோத்துட்டா.”