விழாத வாட்டர்மார்க்

"மூணு வாரமா இதே பாட்டுதானா?" என்றார் வக்கீல். "ஸ்கிரீன்ல தெரியுது, பேப்பர்ல வரல. அதானே?"

"ஆமா சார்" என்றார் டைப்பிஸ்ட்டம்மா.

அந்தக் குரலில் கொஞ்சமாவது வருத்தம் இருந்திருந்தால் வக்கீலுக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

விஷயம் சின்னதுதான். பேசி வைத்துப் பிரியப்போகும் ஒரு கணவன் மனைவியின் விவாகரத்து மனு, பன்னிரண்டு பக்கம். முன்பு ஒரு கட்சிக்காரர் திருத்தாத நகலிலேயே கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டில் நீட்டி மானத்தை வாங்கியதிலிருந்து இந்த ஆபீசில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே, வெளிர் சாம்பல் நிறத்தில் 'வரைவு' என்று வாட்டர்மார்க் விழ வேண்டும். விழுந்த தாளைத்தான் கட்சிக்காரர்கள் கையில் கொடுப்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படித்துச் சரி என்ற பிறகுதான் சுத்தப் பிரதியும் கையெழுத்தும்.

அந்த வாட்டர்மார்க்தான் மூன்று வியாழக்கிழமையாக மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது.

டைப்பிஸ்ட்டம்மா சாம்பல் நிறத்தை அடர்த்தியாக்கிப் பார்த்தார். டோனரைக் கழற்றிக் குலுக்கி மாட்டினார். பிரின்டரை அணைத்து, அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்து, மறுபடி போட்டார். எழுத்தெல்லாம் அட்டகாசமாக வந்தது, வாட்டர்மார்க் மட்டும் வரவில்லை. ஏழு வருஷமாக ஒரு புள்ளி பிசகாமல் அடித்துக் கொடுத்த கைக்கு என்ன ஆச்சு என்று வக்கீலுக்குப் புரியவில்லை. வக்கீலோ, கட்சிக்காரர் வந்த அன்றே வேலையை முடித்துக் கொடுப்பவர் என்று பேர் வாங்கியவர். அந்தப் பேர் இப்போது கெட்டுக்கொண்டிருந்தது.

அறைக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்ச். முதல் வியாழன் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னும் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கணவர் லிஃப்ட் மெக்கானிக். தனக்கு அவசரம், மூன்று கட்டடம் பாக்கி இருக்கிறது என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தார். மனைவி கணக்கு டீச்சர். விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு நிமிரவே இல்லை.

இரண்டாவது வியாழன் டீச்சரின் சிவப்புப் பேனா தீர்ந்துபோனது. கணவர் எதுவும் பேசாமல் தன் பேனாவைப் பெஞ்சிலேயே நகர்த்திவிட்டார். டீச்சரும் அவர் பக்கம் திரும்பாமலே எடுத்துக்கொண்டார்.

இன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்கள். கணவர்தான் முதலில் கேட்டார்.

"முழங்கால் எப்படி இருக்கு?"

"அப்படியேதான். நாலு மாடி ஏறி இறங்கணும்ல."

"ஏன், லிஃப்ட் என்னாச்சு?"

"நீங்க போனதுலேர்ந்து நிக்குது."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணா வருவீங்களான்னு தெரியல."

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டைப்பிஸ்ட்டம்மாவின் விரல்கள் நின்றுபோயிருந்தன. வக்கீல் இதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. பொறுத்துப் பார்த்து, பிரின்டர் ரிப்பேர்காரரையே வரவழைத்துவிட்டார்.

அவர் வந்தார், உட்கார்ந்தார், அரை நிமிஷத்தில் சிரித்தார்.

"இதுக்கா சார் என்னைக் கூப்பிட்டீங்க? பின்னணியையும் சேர்த்து அச்சிடச் சொல்ற இடத்துல ஒரு டிக் இருக்கணும். அது இல்ல. அதான் ஸ்கிரீன்ல வந்தது பேப்பர்ல வரல."

டிக்கைப் போட்டார். பன்னிரண்டு பக்கமும் 'வரைவு' என்று குறுக்கே அழகாக விழுந்து வந்தது.

அது தானாகப் போயிருக்குமா என்று வக்கீல் கேட்டார். யாராவது எடுத்தால்தான் போகும் என்று சொல்லிவிட்டு, ரிப்பேர்காரர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நேற்று அடித்த நில வழக்கு வரைவில் வாட்டர்மார்க் ஒழுங்காக விழுந்திருந்தது அப்போதுதான் வக்கீலுக்கு நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தார். டைப்பிஸ்ட்டம்மா கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார் வக்கீல்.

விடைத்தாள் கட்டு இப்போது கணவரின் மடியில் இருந்தது. அவர் மார்க்கைக் கூட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் எட்டிப் பார்த்து, கூட்டல் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு கைப்பை வைக்கத்தான் இடம் இருந்தது.

வக்கீலைக் கண்டதும் இரண்டு பேரும் எழுந்தார்கள்.

"ஆயிடுச்சா சார்?" என்றார் டீச்சர். ஆகியிருக்க வேண்டும் என்ற ஆசை அந்த முகத்தில் துளிகூட இல்லை. கணவர் விடைத்தாள் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வக்கீலின் கை தானாகவே தாள்களை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது.

"இன்னும் விழலம்மா" என்றார். "அடுத்த வியாழன் ரெண்டு பேரும் வாங்க."

"பரவாயில்ல சார், அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

வக்கீல் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கோபமாகக் கேட்க நினைத்தது மெதுவாகத்தான் வந்தது.

"ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?"

டைப்பிஸ்ட்டம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட கட்சிக்காரியா வந்தேனே, ஞாபகம் இருக்கா சார்? நானும் அவரும் அதே பெஞ்சுலதான் உக்காந்திருந்தோம். அவர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். அதுக்குள்ள நீங்க பேப்பரோட வந்துட்டீங்க."