வாசல் பூட்டாமல் இருக்க

காய்ச்சல் வைரஸ் கலந்த மூத்திரம் விழுந்தால் வீட்டுக் கழிப்பறையே சுகாதாரத் துறைக்குச் சொல்லிவிடும். வாசல் கதவு ஒரு வாரத்துக்குத் திறக்காது. நாத்தனார் கல்யாணம் நெருங்கியதால், காய்ச்சலில் கிடந்த ஆறு வயது மகன் அகரனிடம் தாரணி சொன்னாள்:

"குளிக்கிற எடத்துலயே போயிட்டுத் தண்ணி ஊத்திடு. யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது."

காய்ச்சல் விட்டது. நலங்கு வைத்த வீட்டில் எல்லார் முகத்திலும் மஞ்சள். அகரனின் மஞ்சளை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில் சுருண்டு விழுந்தான்.

"வைரஸால ரத்த அணுவெல்லாம் உடைஞ்சிருக்கும்மா. மூத்திரம் கறுத்துப் போயிருக்குமே, பாக்கலையா?" என்றார் டாக்டர்.

தாரணி மகனைப் பார்த்தாள். வெளுத்த உதடுகள் அசைந்தன.

"காப்பி மாதிரி போச்சும்மா. யாருகிட்டயும் மூச்சு விடல."