ஸ்பிரிட் பஞ்சு

பிளாஸ்டிக் எப்படி விரிசல் விடுகிறது என்று சோதிக்க அமலோற்பவம் ஓர் இயந்திரம் செய்திருந்தாள். அதில் ஒரு திருகு பிளாஸ்டிக் பட்டையை இறுக்கி வில்லாக வளைத்துப் பிடிக்கும். மேலிருந்து ஸ்பிரிட் சொட்டும். வளைத்தால் மட்டும் பட்டை உடையாது, நனைத்தால் மட்டும் உடையாது. இரண்டும் சேர்ந்தால் கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். பகலெல்லாம் அதற்காகவே காத்திருந்ததில், மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பேருந்தில் யாரோ நெட்டி முறித்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கழுத்து வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. குழாயின் இணைப்பு அவள் காலையில் உடைத்த அதே பிளாஸ்டிக்.

"சிஸ்டர், இந்த இணைப்ப மாத்திருங்க."

"இப்பதாங்க்கா புதுசு மாட்டுனேன். நல்லா இறுக்கி, ஸ்பிரிட் பஞ்சால தொடச்சும் விட்டுட்டேன். பயப்படாதீங்க" என்று நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அமலோற்பவம் குனிந்து அப்பாவின் கழுத்தருகே காதை வைத்தாள்.

"என்னம்மா, சின்னப் புள்ள மாதிரி" என்று அவர் அவள் தலையைத் தடவினார்.

"பேசாதீங்கப்பா" என்றாள். "கொஞ்ச நேரம்."