ஒரு எலுமிச்சை குறைகிறது

பதினோரு மணிக்கு எழில்விழி உயர்நீதிமன்றத்தில் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அரசு அலுவலகங்களில் இனி எந்த மதச் சடங்கும் கிடையாது என்று, அதைக் கண்காணிக்கும் அதிகாரியாக அவள் கையெழுத்திட்டிருந்தாள். ஆனால், டிரைவர் இல்லாமல் தானே ஓடும் அலுவலகத்துப் புது ஜீப் அசைய மறுத்தது.

“சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் கேட்குது மேடம்,” என்றார் மெக்கானிக் யாகூப். “நம்ம டிரைவருங்களப் பார்த்துத்தானே ஓட்டக் கத்துக்கிச்சு? பழம் வைக்காம புது வண்டிய எவன் எடுத்திருக்கான்?”

“சட்டவிரோதம், பாய்!”

“எனக்கும் இதுல நம்பிக்கை இல்ல மேடம். வண்டிக்கு இருக்கே!”

மணி பத்தரை. எழில்விழி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர் நீட்டிய பையிலிருந்து நான்கு பழங்களை எடுத்துத் தன் கையாலேயே வைத்தாள். ஏறி உட்கார்ந்ததும் ஜீப் அவற்றை நசுக்கிக்கொண்டு குஷியாகக் கிளம்பியது. மிச்சமிருந்த ஒரு பழத்தை யாகூப் ஜன்னல் வழியாக அவள் மடியில் போட்டார்.

வழியில், அதே ரகப் புதுக் காரின் பக்கத்தில் கறுப்பு அங்கியோடு வியர்த்து நின்ற ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். அவள் வழக்கை விசாரிக்கும் நீதிபதி!

அவர் ஜன்னலருகே குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“மூணு சக்கரத்துக்கு வச்சாச்சும்மா. ஒண்ணுதான் குறையுது. இருக்குமா?”