தையல்சிட்டின் அட்டைப்படம்

தையல்சிட்டு ஒன்று கதை எழுதி, இலைகளைத் தானே தைத்துப் புத்தகமாக்கியது. அதன் முதல் புத்தகம் வேலியோரம் அப்படியே கிடந்தது. ஆடுகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த இரண்டாவது புத்தகத்தையாவது யாராவது திறக்க வேண்டுமே என்று சிட்டு தவித்தது.

அட்டையில் நாவல்பழச் சாற்றால் வெள்ளம் வரைந்தது. மஞ்சளில் நிலா, ஓரத்தில் அழும் கொக்கு, எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாகத் தன் பெயர்.

"எப்படிண்ணே இருக்கு?" என்று வேலியில் இருந்த ஓணானிடம் காட்டியது.

ஓணான் தலையை ஆட்டியது. "பிரமாதம் தங்கச்சி!"

சிட்டுக்குச் சந்தேகம் வந்தது. கொக்கை அழித்துவிட்டுக் காட்டியது. "பிரமாதம்!" எல்லாவற்றையும் கழுவிவிட்டு வெறும் இலையைக் காட்டியது. அதற்கும் தலை ஆடியது.

"பார்த்துத்தான் சொல்றீங்களா?"

"பார்க்காம என்ன? நல்லாத்தானே இருக்கு!"

சிட்டுக்கு அழுகை வந்தது. ஆனாலும் விடவில்லை. தன் கதையை முதலிலிருந்து ஒருமுறை படித்தது. பிறகு ஒரு பட்டமரத்தை மட்டும் வரைந்தது. உச்சிக் கிளையில் ஒரு கூடு, கூட்டுக்குள் வெளிச்சம். தன் பெயரைக் கீழே சின்னதாக எழுதியது.

ஓணான் பார்த்தது. ஆடிக்கொண்டிருந்த தலை நின்றுவிட்டது.

"பட்டுப்போன மரத்துல யாரு தங்கச்சி விளக்கேத்தி வச்சது?"

"அதை நான் சொல்லமாட்டேண்ணே."

"அட, சொல்லேன்!" என்றபடி ஓணான் வேலியை விட்டு இறங்கி வந்து அட்டையைத் திறந்தது.

கடைசி இலை வரை அதன் தலை ஆடவே இல்லை.